கன்று குடித்த மிச்சம்

எனக்குப் பால் ஆகாது. வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லவில்லை, மனதுக்கு ஆகாது. குருநகரில் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவனுக்குக் காலையில் ஒரு வெறுந்தேநீரும் கடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும் இருந்தால் போதும். சைவக்காரர் வீடுகளுக்குப் போனால்தான் தொல்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் பால் தேநீர் வந்துவிடும். வேண்டாம் என்றால் நோய் வந்த வருத்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

உடுவிலில் நமசிவாயம் மட்டும் அப்படிப் பார்க்க மாட்டான். அவன் நேரே சண்டைக்கு வருவான்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ் டிப்போவில் ஒன்றாக வேலை செய்தவர்கள். நான் சாரதி, அவன் நடத்துநர். விடிய எழும்பிக் கொட்டில் கூட்டிப் பால் கறந்துவிட்டு வருகிறவனில் மாட்டு வாசம் இருக்கும். என்னில் என்ன வாசம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முன்னுக்கு மீன், பின்னுக்கு மாடு, நடுவிலே நாங்கள் என்று சனம் பகிடி பண்ணும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பகிடியோடு ஓடினோம். ஓய்வு எடுத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிய நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு உடுவிலுக்குப் போய்விடுவேன். என் மனைவி லூர்த்தம்மா, "கோயிலிலை இருக்கேக்கையே உங்கடை மனம் மாட்டுக் கொட்டிலிலைதானே" என்று திட்டுவாள்.

அவனிடம் ஒரே ஒரு பசு. சிவப்பி என்று பெயர். அதன் பாலைப் பற்றி அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. முதலில் கன்று குடிக்க வேண்டும். வயிறு நிரம்பக் குடித்து அது தானாக முகத்தைத் திருப்பிய பிறகுதான் அவன் செம்போடு குந்துவான். கன்று குடித்த மிச்சத்தில் வெள்ளிக்கிழமையென்றால் முதல் பங்கு பிள்ளையாருக்கு. அதற்கென்று ஒரு பித்தளைச் செம்பு அவன் படுக்கிற அறைச் சுவரில் ஆணியில் தொங்கும். வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது. கோயிலுக்குப் போய், அபிஷேகத்துக்குக் கொடுத்து, கழுவி, திரும்ப அந்த ஆணிக்கே வரும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் பால்.

நான் சும்மா இருப்பேனா? கொட்டில் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கிண்டுவேன்.

"மாடு தன்ரை கண்டுக்கெண்டு சுரக்கிற பால். அதை நீ ஏன் குடிக்கிறாய்? உலகத்திலை எந்த மிருகமாவது இன்னொரு மிருகத்தின்ரை பாலைக் குடிக்குதே?"

"பூனை குடிக்குதே."

"பூனை போய்க் கறக்குதே? நீ சிரட்டையிலை ஊத்திறாய், அது குடிக்குது. ஊத்தாட்டி அதுபாட்டிலை எலி பிடிச்சுத் திண்டுகொண்டு கிடக்கும். உன்ரை சிவப்பிக்கு முன்னாலை அதின்ரை பாலையே கொண்டுபோய் வை, பாப்பம். மணந்துபோட்டு முகத்தைத் திருப்பும். வளர்ந்த மாடே குடிக்காத சாமானை மனிசன் மீசை நரைச்சும் குடிக்கிறான்."

"நானும் பறிச்சுக் குடிக்கேல்லை, கிறகோரி. கண்டு வேண்டாமெண்டு விட்டதைத்தான் குடிக்கிறன். அது குடிக்காமல் நான் ஒரு சொட்டும் தொடமாட்டன்."

சும்மா வாய்ப்பேச்சு இல்லை. அவனுடைய மகள் கோபிகா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் முன்னைய பசு ஒன்றின் கன்று பாம்பு தீண்டிச் செத்தது. அன்றோடு அந்த மாட்டைக் கறப்பதை விட்டுவிட்டான். மடி வற்றும்வரை மருந்து பூசி, தவிட்டைக் குறைத்து, அதைப் பேசாமல் விட்டான். அயலட்டை முழுக்கச் சிரித்தது. வீட்டில் மாடு நிற்க, பிள்ளை வெறுந்தேநீர் குடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. கன்று செத்த மாட்டின் பால் சாமிக்கு ஆகாது, சாமிக்கு ஆகாதது எனக்கு எதற்கு என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. கடவுளுக்கே அளவு சொல்லிக் கொடுக்கிற ஆள் என்று ஏசினேன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் தொண்டையில் புற்று வந்தது. வெற்றிலை போட்ட வாய். முதலில் சோறு அடைத்தது, பிறகு இடியப்பம் அடைத்தது, பிறகு கஞ்சியும் அடைத்தது. பழச்சாறு கொடுத்தால் எரிகிறது என்று துப்பினான். பால் மட்டும்தான் எரியாமல் இறங்கியது. ஆளுக்கு உயிர் நின்றதே அதில்தான். அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று நாடே தெருவில் நின்றது. கடைகளில் பால்மா இருந்த தட்டில் தூசிதான் இருந்தது. கோபிகா கனடாவில் இருந்து பால்மாப் பேணிகள் அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். அந்தப் பெட்டி எந்தக் கடலில் நின்றதோ தெரியாது.

ஆனாலும் கடவுள் ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துச் சிவப்பி கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு நாகு, பெண்கன்று. சுட்டி என்றே கூப்பிட்டார்கள். நமசிவாயம் மெலிந்துபோய், சாறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தான். எனக்கு வேலை வைத்தான். கன்றுக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியை ஒரு பனையோலை உமலில் போட்டுக் கட்டி, கொண்டுபோய் மரத்தில் தொங்கவிடு என்றான். அப்போதுதான் மாடு நன்றாகப் பால் கறக்குமாம். எனக்கு மீன் நாற்றம் பழக்கம், இது வேறு நாற்றம். ஒழுங்கை முகப்பில் நின்ற பூவரசில் கட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

"எந்த மரத்திலை கட்டினனி?"

"பூவரசிலை."

"விசரா! பால் வடியிற மரத்திலையெல்லோ கட்ட வேணும். ஆலிலை கட்டு, போ."

குரல் இல்லாத தொண்டையால் கத்தினான். நான் திரும்பிப் போய், அந்த உமலை அவிழ்த்து, பின்னால் இரண்டு நாய் வரக் குளத்தடி ஆலமரம்வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். வந்து பார்த்தால், இவன் கொட்டில் தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவனைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வைத்துத் தொண்டைக்குக் கரண்ட் பிடித்தார்கள், அதுதான் கதிர்ச் சிகிச்சை. அவன் அங்கே கிடந்த நாட்களில்தான் சுட்டிக்குக் கழிச்சல் கண்டது. அவனுடைய மனைவி ஞானாம்பிகை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். மிருக வைத்தியரைக் கூட்டிவரப் போனால் அவருடைய மோட்டார் சைக்கிளும் பெற்றோல் இல்லாமல்தான் நின்றது. அவர் பாவம், சைக்கிளில் வந்தார். வரும்போது கன்று கழுத்தைத் தரையில் போட்டுவிட்டது. அடுத்த நாள் விடியச் செத்துப்போயிற்று.

எனக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள். போனேன். சிவப்பியின் சத்தம் ஒழுங்கை முகப்பிலேயே கேட்டது. மாடு கத்துவதை நான் கேட்டிருக்கிறேன், இது கத்தல் இல்லை. மடி இறுகிப்போய் நிற்கிறது. கை வைத்தால் உதைக்கிறது. ஒரு சொட்டுப் பாலும் விடுகிறதில்லை. ஞானாம்பிகை அடுக்களை வாசற்படியில் வெறும் செம்போடு இருந்தாள்.

"பால் மடியிலை கிடக்கெண்டு நினைக்கிறம் அண்ணை. அது கண்டு முட்டினால்தான் இறங்கும். கண்டு இல்லாட்டி மேலை இழுத்துக்கொள்ளும். நாளைக்கு இவரை வீட்டை விடுகினம். நான் எதைக் குடுக்கிறது?"

"வேறை வீடுகளிலை?"

"தேவராசாவின்ரை மாடு கறக்கிறது அதுகளின்ரை பேரப்பிள்ளையளுக்கே காணாது. இந்த நாளிலை ஆரிட்டைப் போய் நாளாந்தம் கேக்கிறது? கேட்டு வாங்கினாலும், எங்கடை மாட்டுக்கு என்ன நடந்ததெண்டு இவர் கேப்பார். கண்டு செத்திட்டுதெண்டு தெரிஞ்சால் அதோடை சரி, வாய் திறக்கமாட்டார். உங்களுக்கு இவரைத் தெரியும்தானே."

தெரியும். பிள்ளைக்கே பால் கொடுக்காமல் மாட்டை வற்றவிட்ட ஆள். பால் வேண்டாம் என்று சொன்னால் அவன் செத்துப்போவான், அவ்வளவுதான் கணக்கு.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் திருக்கை உரிப்பியள்தானே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள். கரவெட்டியில் அவளுடைய ஐயா காலத்தில் இப்படி ஒரு தரம் செய்தார்களாம். செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, தாய்க்கு முன்னால் நிறுத்தினால் அது நக்கும், நக்கினால் பால் விடும். சைவப் பெண், மீன்கூட வெள்ளி செவ்வாய் தொடாதவள், இதைக் கேட்க என்ன பாடு பட்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பரோடு சின்ன வயதில் இருந்து திருக்கை உரித்த கைதான். ஆனால் திருக்கைக்குக் கண்மடல் இல்லை. சுட்டிக்கு இமைமயிர் இருந்தது. பின்வளவில் வாழைக்குப் பின்னால் சாக்கு விரித்து வேலையைச் செய்தேன். உப்புப் போட்டுத் தேய்த்து, வைக்கோல் அடைத்து, காலுக்குக் கிளுவந்தடி வைத்துத் தைத்தேன். ஞானாம்பிகை நூல் கோத்துத் தந்தாள். நான் ஏசிக்கொண்டே தைத்தேன். மாட்டை ஏசினேன், அரசாங்கத்தை ஏசினேன், நமசிவாயத்தின் வெற்றிலையை ஏசினேன். ஏசாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

கொண்டுபோய் நிறுத்தினோம். சிவப்பி மணந்தது. மூச்சை இழுத்து ஒரு எட்டுப் பின்னால் போனது. சரிவராது என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்லக் கிட்ட வந்து, அந்த வெள்ளைச் சுட்டியில் நாக்கை வைத்தது. நக்கியது, நக்கிக்கொண்டே நின்றது. ஞானாம்பிகை குந்திக் காம்பைத் தொட்டாள். செம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது. அவள் கறந்துகொண்டே அழுதாள். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நமசிவாயத்தைக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஆள் பாதியாகப் போயிருந்தான். எழும்பி நடக்க ஏலாது. காற்றுப் படட்டும் என்று கட்டிலைத் திருப்பி, தலைமாடு யன்னல் பக்கம் வரும்படி நான்தான் இழுத்துப் போட்டேன். கொட்டில் வீட்டுக்குப் பின்னால் இருந்ததால் அவனுக்குத் தெரியாது. ஞானாம்பிகை பாலை ஆற்றிக் கொண்டுவந்து கிட்ட இருந்தாள். அவன் முதல் கேட்ட கேள்வி அதுதான்.

"கண்டு குடிச்சிட்டுதே?"

"ஓம். வயிறு முட்டக் குடிச்சிட்டுது. இது மிச்சம்."

அவன் தலையாட்டிவிட்டு வாய் திறந்தான். ஒரு கோப்பைப் பால் குடிக்க அவனுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைத்து, பிறகு ஒரு மூச்சு. கடைசி மிடறுவரை அவள் கோப்பையைச் சரித்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொரு தரமும் அந்தக் கேள்வி. ஒவ்வொரு தரமும் அதே பதில். "துள்ளித் திரியுது", "புல்லுக் கடிக்கப் பாக்குது", "கயித்தை அறுத்துக்கொண்டு ஓடுது" என்று அவள் சேர்த்துக்கொள்ளவும் பழகிவிட்டாள். வைக்கோலுக்குப் புல்லு ஊட்டிவிடுகிற கதை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் என்னையும் சாட்சிக்கு இழுப்பாள். "கேளுங்கோவன் அண்ணையிட்டை." நானும் ஓம் என்பேன். கொட்டிலில் சுட்டியின் முகம் நக்கி நக்கி மயிர் போய்த் தோல் மினுங்கியது.

வெள்ளிக்கிழமை வந்தால் இன்னொரு கேள்வி சேரும்.

"கோயிலுக்குப் பால் போட்டுதே?"

"ஓம். சுவர்ணாட்டைக் குடுத்துவிட்டனான்."

சுவர்ணா பக்கத்து வீட்டுப் பெட்டைப் பிள்ளை. அவளிடம் ஒன்றும் கொடுத்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் கிணற்றடியில் வைத்து ஞானாம்பிகை சொன்னாள்.

"இவருக்குப் பொய் சொல்லலாம் அண்ணை. இவர் என்ரை மனிசன். பிள்ளையாருக்குக் கொண்டுபோய் அந்தப் பாலை ஊத்த என்னாலை ஏலாது. அந்தச் செம்பைத் தொடவே எனக்குக் கை கூசுது."

எனக்கு அந்த நியாயம் பிடிபடவில்லை. அந்தோனியாருக்கு முன்னால் நாங்கள் எத்தனை பொய் சொல்லியிருக்கிறோம். ஆனால் வாளியை வாங்கி நானே தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். அவள் அவ்வளவு மெலிந்திருந்தாள்.

கொஞ்ச நாளில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். கன்றைப் பற்றியும் கேட்பதில்லை, கோயிலைப் பற்றியும் கேட்பதில்லை. பால் வந்தால் வாயைத் திறப்பான். கதைக்க ஏலாமல் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட. கன்றைக் கொண்டுவந்து காட்டு என்று அவன் ஒருநாள் கேட்டால் என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம். அவன் கேட்கவேயில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம். ஞானாம்பிகை மண்ணெண்ணெய் வரிசைக்குச் சுன்னாகம் போயிருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, டிப்போக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கண் மூடியிருந்தான். நித்திரை என்று நினைத்துக் கதையை நிறுத்தினேன். அப்போது கேட்டான்.

"வடிவா உரிச்சனியே?"

"என்னத்தை?"

"கண்டை. இந்தப் பக்கத்திலை அந்த வேலை தெரிஞ்சவன் உன்னைவிட ஆர் இருக்கிறான்?"

"ஆர் உனக்குச் சொன்னது? ஞானமே?"

"பிள்ளையார்."

மருந்து கதைக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவனுடைய கண் தெளிவாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, நடந்ததைச் சொன்னேன். கழிச்சல், வைத்தியர், வைக்கோல் எல்லாம் சொன்னேன். அவன் அழவில்லை. சுட்டியில் தையல் தெரிகிறதா என்று மட்டும் கேட்டான். இல்லை, வயிற்றுப் பக்கம்தான் தைத்தேன் என்றேன்.

"சிவப்பிக்கும் தெரியும், கிறகோரி. மாடு ஏமாறிப் பேய்க்காட்டுப்படுகுதெண்டு நீங்கள் நினைக்கிறியள். மணந்த உடனையே அதுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுகொண்டுதான் நக்குது. அதுக்கு நக்க ஒண்டு வேணும்."

இவ்வளவையும் சொல்ல அவனுக்கு நெடுநேரம் எடுத்தது. நடுவில் தண்ணீர் நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

"தெரிஞ்சால் நீ ஏன் குடிக்கிறாய்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு சொட்டும் தொடமாட்டன் எண்டு எத்தினை வருசம் என்னோடை மல்லுக்கு நிண்டனி? அந்தச் சட்டமெல்லாம் எங்கை?"

அவன் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"நீ சொல்லுற பூனை. ஊத்தினால் குடிக்கும்." மூச்சு எடுத்தான். "அவள் ஊத்திறாள், நான் குடிக்கிறன். நான் வேண்டாமெண்டால் அவள் அந்தக் கோப்பையை வைச்சுக்கொண்டு எங்கை போவாள்?"

நாற்பது வருடமாக அவனோடு வாதாடி நான் தோற்றது அந்த ஒரு இடத்தில்தான். அப்படி ஒரு வெற்றி அவனுக்கு எதற்கு?

"அவளுக்குச் சொல்லிப்போடாதை."

படலைச் சத்தம் கேட்டது. ஞானாம்பிகை வெறும் போத்தலோடு வந்தாள், வரிசை முடியமுன் எண்ணெய் முடிந்துவிட்டதாம். வந்த கையோடு பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அவன் வாயைத் திறந்தான். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. ஒரு காலையில் வரச்சொல்லித் தொலைபேசி வந்தது. போனபோது வீட்டில் சனம் நின்றது. அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பால் பருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சைவக்காரருக்கு அது வழக்கம். போகிற உயிருக்கு உறவுகள் ஆளுக்கொரு கரண்டி பால் வாயில் விடுவார்கள். ஞானாம்பிகை என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணை, ஓடிப்போய்த் தேவராசா வீட்டிலை கொஞ்சம் பால் வாங்கிக்கொண்டு வாங்கோ. அதுகளின்ரை பசு கண்டோடை நிக்குது."

"ஏன் தங்கச்சி, காலமை கறந்தது இருக்குத்தானே?"

"இவ்வளவு நாளும் குடுத்தது உயிர் நிக்கிறதுக்கு. இது போற வழிக்கு. இதிலையும் பொய்யை ஊத்த என்னாலை ஏலாது."

சைக்கிளை மிதித்தேன். சாகிறவனுக்குப் பால் இல்லை என்று சொல்கிற வீடு எங்கும் இல்லை. தேவராசா பேரப்பிள்ளைக்கு வைத்ததில் இருந்து ஒரு போத்தலில் ஊற்றித் தந்தார். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் நுழைய நமசிவாயத்தின் கண் போத்தலைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

ஞானாம்பிகை முதல் கரண்டியை உதட்டில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. பால் கன்னத்தால் வழிந்து தலையணையில் இறங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும் வழிந்தது. "இனி இறங்காது, பிள்ளை" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சுவர்ணா விம்மத் தொடங்கினாள். அவன் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மட்டும்தான் விளங்கியது. வாயடைத்துப் போனவன் வேறு எப்படிச் சொல்வான்?

நான் அடுக்களைக்குப் போய்ச் சிவப்பியின் பாலைக் கோப்பையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"தங்கச்சி, இதைக் குடுங்கோ."

அவள் கோப்பையைக் கையால் தள்ளினாள். "வேண்டாம் அண்ணை. இது வேண்டாம். இப்ப வேண்டாம்."

"குடு பிள்ளை!"

அவளை நான் அப்படிச் சத்தம்போட்டுக் கூப்பிட்டதே இல்லை. சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. வேதக்காரனுக்கு இங்கே என்ன அதிகாரம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவள் கரண்டியை நனைத்து உதட்டில் வைத்தாள். உதடு திறந்தது. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி வைத்தாள். அதுவும் போனது. மூன்றாவதுக்கு அவன் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த பிறகு போனேன். கோபிகாவின் பெட்டி முதல்நாள்தான் வந்து சேர்ந்திருந்தது. மாப் பேணிகள் பெட்டியோடு சுவரோரம் கிடந்தன, ஒருவரும் உடைக்கவில்லை. ஞானாம்பிகை சொன்னாள், "அண்ணை, அந்தக் கண்டைக் கொண்டுபோய்த் தாட்டுவிடுங்கோ. இனி என்னத்துக்கு." பின்வளவில் பனையடியில் கிடங்கு வெட்டினேன். சுட்டி ஒரு பாரமும் இல்லை, வைக்கோல்தானே. முகத்தில் வெள்ளைச் சுட்டி இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவும் நக்கி முடிந்திருந்தது. மண்ணை மூடிவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். சிவப்பி கயிற்றின் நீளத்துக்குத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் அவனுடைய கட்டில் ஓரத்தில் இருந்தாள். எனக்கு வெறுந்தேநீர் ஊற்றி வைத்திருந்தாள், பனங்கட்டியோடு.

"ஒரு நிம்மதி அண்ணை. அவருக்குத் தெரியாமலே போச்சுது. தெரிஞ்சிருந்தால் பட்டினியாலை செத்திருப்பார். என்னையும் மன்னிச்சிருக்கமாட்டார்."

"ஓம், தங்கச்சி" என்றேன். தேநீர் சுட்டது.

"தெரியாதுதானே, அண்ணை?"

"தெரியாது."

அவள் தலையாட்டினாள். பிறகு, களைப்பில், தன்னை அறியாமல் அந்தத் தலையணையில் தலையை வைத்துச் சரிந்தாள். இத்தனை நாளும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில்தான் இருந்தாள். ஒருநாளும் கட்டிலில் படுத்ததில்லை. கொஞ்ச நேரம் கண் மூடிக் கிடந்தாள். நித்திரை கொள்ளட்டும் என்று நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். அப்போது கண்ணைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே அசையாமல் கிடந்தாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நேரெதிர்ச் சுவர். ஆணி. ஆணியில் அந்தப் பித்தளைச் செம்பு. கறுத்துப் போய், விளிம்பில் சிலந்தி நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலை நான்தானே திருப்பிப் போட்டேன்.

"சுவர்ணாட்டைக் குடுத்துவிட்டனான் எண்டு ஒவ்வொரு வெள்ளியும் சொன்னனான்" என்றாள், மெதுவாக. "அண்ணை, இது இதிலையெல்லோ தொங்கிக்கொண்டு நிண்டிருக்கு."

பிள்ளையார் சொன்னார் என்று அவன் சொன்னது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பொய் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல பொய் ஒன்று சொல்லியிருக்கலாம், எனக்கு வராதது இல்லை. அன்று வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து முழுவதையும் படித்துவிட்டாள்.

கறக்கிற நேரம் வந்து சிவப்பி கத்தத் தொடங்கியது. அவள் எழும்பவில்லை. செம்பைப் பார்த்தபடியே கிடந்தாள்.

"தெரிஞ்சுகொண்டே குடிச்சிருக்கிறார்" என்றாள். "ஒரு நாளாவது கோப்பையிலை மிச்சம் வைக்கேல்லை, அண்ணை."